தறி வீட்டில் விளக்குக் கூடாரம்

உங்கள் பைக்குள் என்ன இருக்கும் என்று திறந்து பார்க்காமலே சொல்வேன். சூடு பார்க்கிற துப்பாக்கி, ஈரப்பதம் காட்டும் மீட்டர், கரன்ட் அளக்கிற கிளாம்ப், கம்பெனி கொடுத்த டேப்லெட். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது என்று பெருமூச்சு விடப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லாம் எங்களிடமும் இருந்தது. நான் ஓய்வு பெற்று ரொம்ப நாள் ஆகவில்லை. உங்களில் சிலர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் என் குஷன் இன்னும் கிடக்கிறது. நான் சொல்ல வந்தது, பைக்குள் இல்லாத ஒரு கேள்வியைப் பற்றி.

வாலாஜாபாத் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தேன், அந்த வகுப்பில் ஒரே பெண். குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த ஃபோர்மேன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்த இடத்தில் ரிப்பேர் என்றாலும் குளிர்கிற அறைக்குள் போக மாட்டார். கட்டடத்தின் பின்பக்கம் போய், சூடான காற்று வெளியே வரும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். நாங்கள் உள்ளே மீட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவோம். அவர் பின்னால் நின்றே கோளாறைக் கண்டுபிடித்துவிடுவார். குளிர வைப்பது என்று ஒன்று கிடையாது, சூட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் நம் வேலை என்பார். அது எனக்கு முழுதாகப் புரிந்தது பல வருஷம் கழித்து, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில்.

அப்போது நம் கம்பெனி வீட்டுக்குள் செடி வளர்க்கும் கூடாரங்களை விற்க ஆரம்பித்திருந்தது. உள்ளே வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும் கறுப்புத் துணிக் கூடாரம், மேலே எல்.இ.டி. விளக்குகள், காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். எல்.இ.டி. சூடே ஆகாது என்று விற்பனைப் பையன்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பொய்க்குப் பதில் சொல்லியே என் கடைசி வருஷங்கள் கழிந்தன. சுவரிலிருந்து எடுக்கிற கரன்ட்டில் இலை தின்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஏதோ ஒரு வழியில் சூடாகத்தான் போய்ச் சேருகிறது. பழைய விளக்குகளைவிடக் குறைவு, அவ்வளவுதான். நம்ம ஊர் சித்திரை மாதத்தில் அந்தக் குறைவும் ஒரு கீரைப் பாத்தியை வேக வைக்கப் போதும்.

செல்வி அப்படி ஒரு கூடாரத்தை வாங்கியிருந்தாள். நெசவுக் குடும்பத்தில் பிறந்து நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஆனால் தறியில் உட்கார்ந்தவள் இல்லை. விடியும் முன்னே கம்பெனி பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கால் வீங்கிப்போய், இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டிலேயே லெட்டூஸ் கீரை வளர்த்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கலாம் என்று இறங்கினாள். பர்கருக்கு நடுவில் வைப்பார்களே, அந்த இலை. வெயிலில் நிமிஷத்தில் வாடும், சூட்டில் கசந்துபோகும். நம்ம ஊரில் கூடாரம் இல்லாமல் அது வளராது.

அவள் புருஷன் ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர். நல்ல கை, சிடுசிடு முகம். வீட்டில் சமையலறை தவிர இரண்டு அறை, பின்னால் கிணற்றடி. உள்ளறையில் தறி, அதற்கு அடுத்த தெருப்பக்க அறையில் கூடாரம். நடுவே கதவில்லாத ஒரு வாசல். எங்கள் ஆள் ஒருவர் போய் மாட்டிவிட்டு, டேப்லெட்டில் படம் எடுத்து அனுப்பிவிட்டு வந்துவிட்டார். படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் செல்வியிடமிருந்து புகார் மேல் புகார். விளக்கு மோசம், இலை சுருள்கிறது, நுனி கருகுகிறது. ஆபீஸில் விளக்கை மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியும் தீரவில்லை. கடைசியில் என்னைப் போகச் சொன்னார்கள். கத்திரி வெயில். நான் உள்ளே நுழைந்தபோது முற்பகல். கூடாரத்தின் ஜிப்பைத் திறந்ததும் முகத்தில் அடித்த அனலில் என் கண்ணாடியே மங்கிவிட்டது. இலைகள் தட்டின் விளிம்பில் துவண்டு தொங்கின.

"லைட்டு தான்க்கா மோசம். தொட்டுப் பாருங்க, எப்படிச் சுடுதுன்னு" என்றாள் செல்வி. அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். காரணத்தை ஏகாம்பரம் சொன்னார். கூடாரம் வந்த நாளிலிருந்து தறியில் இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் இழைகள்; அதில் ஒன்று அறுந்தாலும் தேடிப் பிடித்து முடிச்சுப் போடாமல் மேற்கொண்டு நெய்ய முடியாது. தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை. பெண் வீட்டார் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"உங்க மேல தப்பு சொல்லல மேடம். ஆனா இந்தப் பாவு முடியறதுக்குள்ள இது சரியாவலைன்னா, டென்ட்டைப் பிரிச்சு வெளிய வெச்சுடுவேன். அவ மறுபடி பஸ் ஏறட்டும்" என்றார். செல்வி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் துப்பாக்கியை எடுத்து விளக்கைச் சுடுவீர்கள். நானும் எடுத்தேன். விளக்கு சூடாக இருந்தது, ஆனால் அது கோளாறான விளக்கின் சூடு இல்லை. ஃபேனைப் பார்த்தேன், நன்றாக ஓடியது. காற்று உள்ளே வரும் துவாரமும் திறந்தே இருந்தது. ஒன்றும் பிடிபடாமல் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புது விளக்கும் இப்படித்தான் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்தார். குறுக்கிழையைச் சுமந்துகொண்டு நாடா இங்கும் அங்கும் ஓடும் சத்தம் கேட்டது.

செல்வி பேச்சை நிறுத்தவே இல்லை. பேசிக்கொண்டே எழுந்தாள். ஃபேன் சுவிட்சை அணைத்தாள். கொடியில் கிடந்த ஈரத் துணியை எடுத்துத் துவாரத்தின்மேல் போட்டாள். பேசிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்து, "இதுக்கு மேல நான் என்னாத்தக்கா பண்றது?" என்று முடித்தாள்.

நான் மோரை வைத்துவிட்டேன். இப்போது என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் விழித்தாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. துணியைக் காட்டினேன். அதற்கு அவள் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன்.

"அவரு தறியில குந்திக்கினு இருக்காரேக்கா. தறி ஓடறப்ப யாராவது ஃபேன் போடுவாங்களா?"

அங்கே பிறந்த எந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள். தறி ஓடும் அறையில் காற்று அசையக் கூடாது. ஜன்னலைச் சாத்துவார்கள், மின்விசிறி போட மாட்டார்கள், தரையை ஈரமாக வைப்பார்கள். காற்று பட்டால் பட்டிழை உலரும், உலர்ந்தால் அறும். நடக்கத் தொடங்கும் வயதிலேயே கைக்கு ஏறிவிட்ட பாடம் அது. மூச்சு விடுவதை யாராவது நினைத்துக்கொண்டா விடுகிறார்கள்? நாடாச் சத்தம் கேட்டால் அவள் கை தானாக ஃபேனை அணைத்தது, சத்தம் நின்றால் தானாகப் போட்டது. எங்கள் ஆட்கள் வந்து பார்க்கும்போதெல்லாம் ஏகாம்பரம் மரியாதைக்காகத் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வருவார். ஃபேன் ஓடும். எல்லாம் சரியாக இருக்கும்.

சரி, ஃபேன் ஓடாததால் இலை வெந்தது. அப்படியென்றால் இழை ஏன் அறுந்தது? கீழே கிடந்த அறுந்த பட்டிழை ஒன்றை எடுத்து, இரண்டு அறைக்கும் நடுவே இருந்த வாசலின் மேல் சட்டத்தில் ஒட்டித் தொங்கவிட்டேன். ஃபேனைப் போட்டேன். இழை கூடாரத்தின் பக்கமாக வளைந்து படபடத்தது. எங்கள் ஆள் சூடான காற்றைத் தெருவுக்குத் தள்ளியது சரிதான்; ஆனால் அவ்வளவு காற்று வெளியே போனால் அதே அளவு எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டுமே. அது தறி அறையிலிருந்து, பாவின் மேலேயே உரசிக்கொண்டு வந்தது. செல்வி எழுந்து அணைக்கும்வரை பாவு காற்றில் கிடந்தது. தறிக்கும் கேடு, கீரைக்கும் கேடு. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு ஒரே காற்றில் வாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இழையைப் பார்த்ததும் ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்துவிட்டார். அப்போ இன்றைக்கே பிரித்துவிடுங்கள் என்றார். பிரித்தால் நான் எங்கே போவது என்று செல்விக்கு அழுகை வந்துவிட்டது. அதே நேரம் ஆபீஸிலிருந்து போன், ஏ.சி. ஒன்று மாட்டச் சொல்லி முடித்துவிட்டு வா என்றார்கள். ஏ.சி. மாட்டினால் அறை உலர்ந்து, அவர் தறியை மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று பக்கமும் மூன்று குரல், நடுவே வெந்துகொண்டிருக்கும் கீரை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். போனை அணைத்துவிட்டு, நேராகப் போய் விளக்கை அணைத்தேன்.

செல்வி அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். புதிதாக வருகிற உங்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் இருக்கும், எனக்குத் தெரியும். விளக்கை அணைத்தால் செடி செத்துவிடும் என்று நினைப்பீர்கள். மேகம் மூடிய நாளில் வயலில் செடி சாகிறதா என்ன? ஒரு நாள் இருட்டை எந்தச் செடியும் தாங்கும். ஒரு மதியச் சூட்டை லெட்டூஸ் தாங்காது. என்ன செய்வது என்று தெரியாதபோது முதலில் சூடு பிறக்கும் இடத்தை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

தட்டுகளைக் கிணற்றடிப் பக்கம் ஈரத் தரையில் வைக்கச் சொன்னேன். பிறகு இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: தறி எப்போது ஓடாது? விளக்கு வைத்தால் நிறுத்திவிடுவேன், விடிந்த பிறகுதான் மறுபடி என்றார் ஏகாம்பரம். அப்படியென்றால் கீரைக்கு அதுதான் பகல் என்றேன். கூடாரத்துக்குள் இருக்கும் செடிக்குச் சூரியன் எப்போது உதித்தது என்று தெரியாது. நாம் சுவிட்சைப் போடும்போது அதற்கு விடியும். இரவில் வெளிக்காற்றும் கொஞ்சம் தணிந்திருக்கும். டைமரை மாற்றி வைத்தேன். உள்ளே வரும் காற்றுக்குக் கிணற்றடியிலிருந்து ஒரு குழாய் இழுத்து, கூடாரத்தோடு நேராகச் சேர்த்து, தறி அறைப் பக்கத்தை முழுதாக அடைத்தேன். விளக்குகளுக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் பெட்டிகள் கூடாரத்துக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தன. அவையும் தங்கள் பங்குக்குச் சூடு கக்கும். வயரை நீட்டி அவற்றைச் சமையலறைப் பரணுக்கு ஏற்றினேன். கடைசியாக இழையை மறுபடி தொங்கவிட்டு ஃபேனைப் போட்டோம். அது அசையாமல் நின்றது. ஏகாம்பரம் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பாவு முடியட்டும் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

கீரை நிமிர்ந்தது. இழை அறுவதும் நின்றது. நானும் பெருமையாக ஆபீஸில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரமே செல்வி மறுபடி கூப்பிட்டாள்.

இந்தத் தடவை எதிர்வீடு. அந்தத் தெருவில் விடியற்காலையில் பாவை வெளியே கொண்டுவந்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பார்கள். வண்டி வராத, காற்று அசையாத நேரம் என்பதால்தான் அந்த நேரம். நம் ஃபேன் அப்போதும் இரவெல்லாம் சேர்த்த அனலைத் தெருவுக்கு ஊதிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரரின் பாவு அலைபாய, அவர் செல்வி வீட்டு வாசலில் வந்து நின்று தெருவே கேட்கச் சத்தம் போட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோதும் சண்டை ஓயவில்லை. என்னைப் பார்த்ததும் அவர், இந்தப் பேய் மிஷினைக் கொண்டுவந்து வைத்தது நீதானே என்று என் பக்கம் திரும்பினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் நடுவில் வந்து நின்றார். "அவங்களை ஏன்பா கேக்கற? அது எங்க வூட்டு மிஷினு. நான் சரி பண்ணித் தரேன், நீ போய்ப் பாவைப் பாரு" என்றார். எங்க வீட்டு மிஷின் என்று அவர் சொன்னதைச் செல்வியும் கேட்டாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தப்பு எளிதானது. தறி அறையைக் காற்றிலிருந்து காப்பாற்றிய நாங்கள், சூட்டைத் தெருவில் கொட்டினோம். தெரு என்றால் வெறும் தெரு என்று நினைத்தோம். அந்தத் தெரு விடியற்காலையில் ஒரு பட்டறை. டைமரை முன்னால் தள்ளி, பொழுது சாயும்போதே விளக்கு எரிந்து, பாவு வெளியே வரும் முன்பே ஃபேனோடு சேர்ந்து அணைகிற மாதிரி வைத்தேன். எதிர்வீட்டுக்காரரிடம் போய் எந்த நேரத்துக்குப் பாவு கட்டுவீர்கள் என்று நானே கேட்டு உறுதி செய்தேன். கேட்டதும் அவர் கோபம் பாதி இறங்கிவிட்டது. யாரும் முன்பு கேட்டிருக்கவில்லை, அதுதான் அவருக்கு வருத்தம்.

நான் சொல்ல வந்த கேள்வி இதுதான். கூடாரத்துக்குள் எத்தனை டிகிரி என்று உங்கள் மீட்டர் சொல்லும். அந்தச் சூடு யார் வீட்டுக்குப் போகிறது என்று அது சொல்லாது. ஜிப்பைத் திறக்கும் முன் வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.

முகூர்த்தப் புடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த பாவு ஏறியது. கூடாரத்தைப் பற்றி ஏகாம்பரம் பிறகு நல்லதாகவும் பேசவில்லை, கெட்டதாகவும் பேசவில்லை. அந்தக் கூடாரம் ஏதோ சகித்துக்கொள்ளப்பட்ட விருந்தாளி மாதிரி அங்கே இருந்தது. செல்விக்கு அதுவே பெரிய விஷயம்தான், ஆனாலும் அவளுக்கு மனசுக்குள் ஒரு குறை இருந்தது எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அப்போது தறிக்கு நேர் எதிரான தொல்லை. ஈரத்தில் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நெய்கிறவர் காலை விடும் தறிக் குழியில் தண்ணீர் கசியும். சில வீடுகளில் கரிச்சட்டி மூட்டி வைப்பார்கள். பொறி பறந்தால் பட்டு போச்சு என்பதால் பலபேர் தறியை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார்கள். ஒரு மாலை என் போன் அடித்தது. ஏகாம்பரம். அவர் எனக்குப் போன் செய்வது அதுவே முதல் தடவை.

"மேடம், அந்த டென்ட்டுக் காத்தைக் கொஞ்சம் நம்ம தறிப் பக்கம் திருப்பி வுட முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன், மறைக்கவில்லை. மறுநாள் போனேன். கூடாரக் காற்று வேண்டாம் என்று சொன்னேன்; இலைகள் விடும் ஈரம் அதில் இருக்கிறது, சூடாக வந்தாலும் ஏற்கெனவே நனைந்த பாவுக்கு உதவாது. ஆனால் டிரைவர் பெட்டிகளின் சூடு உலர்ந்த சூடு. அவற்றைப் பரணிலிருந்து இறக்கி, குழியின் ஈரம் எட்டாத உயரத்தில், தறி அறைச் சுவரில் மாட்டினேன். அறையைக் கதவு ஜன்னல் சாத்தி வைத்தால் இரவெல்லாம் அந்த இதம் உள்ளேயே நிற்கும். அதிசயம் ஒன்றும் இல்லை. காலையில் பாவு ஒட்டாமல் பிரிந்து நின்றது, அவ்வளவுதான். அந்த மழையில் அந்தத் தெருவில் நாடாச் சத்தம் கேட்டது அவர் வீட்டில்தான்.

சில நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். செல்வி கீரை அறுவடையை முடித்துவிட்டு, கூடாரத்தைக் கழுவப் போவதாகவும் இரண்டு மூன்று நாளைக்கு விளக்கு எரியாது என்றும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் நாடாச் சத்தம் சட்டென்று நின்றது.

"ராத்திரி லைட்டை நிறுத்தாத செல்வி" என்றார் ஏகாம்பரம் உள்ளேயிருந்தே. "மழை வுடட்டும். அப்புறம் நானே கழுவித் தரேன்."

செல்வி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, புது விதை போட்டுவைத்திருந்த தட்டுகளை எடுத்துக் கூடாரத்துக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.